ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்

முதல் கார் வாங்கிய பிள்ளைகள் பட்டறைக்கு வந்தால் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐயா, சின்னச் சின்ன வேலையை நானே பார்த்துக்க முடியாதா?" முடியும். ஆனால் எது சின்ன வேலை, எது பெரிய வேலை என்பது என் காலத்துக் கணக்குப்படி இப்போது இல்லை.

நான் லூகாஸ் டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர் காலத்து ஆள். அம்பாசடரோ பத்மினியோ பழைய மாருதி 800ஓ வழியில் நின்றால், பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்போம். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்போம். கார்பரேட்டர் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவோம். வண்டி கிளம்பிவிடும். அடுத்த மாதம் மறுபடி நிற்கும், அதையும் சொல்ல வேண்டும். அந்த வண்டிகளை எல்லாரும் பழுது பார்த்தார்கள் என்றால், பார்க்காமல் அவை ஓடாது என்பதும் ஒரு காரணம்.

மாற்றத்துக்கு முதல் காரணம் புகை விதி. சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டியே என்ஜின் ஓட வேண்டும். திருப்புளி பிடித்த எந்தக் கையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஆக்சிஜன் சென்சார் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. 2000 வாக்கில் மாருதி 800க்கே எம்பிஎஃப்ஐ என்ற கம்ப்யூட்டர் இன்ஜெக்ஷன் வந்தது. பிஎஸ் 4 புகை விதி 2010இல் பெருநகரங்களுக்கும் 2017 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6. நாம் திருப்புவதற்கென்று இருந்த ஸ்குரூக்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கம்பெனிகளின் கைங்கரியமும் கொஞ்சம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1. டூல் பெட்டி வாங்குவதற்கு முன் டாஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும் புத்தகத்தைப் படியுங்கள். எந்த ஃப்யூஸ் எதற்கு, எந்த ஆயில் எத்தனை லிட்டர், ஜாக்கியை எந்த இடத்தில் கொடுப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகத்தோடு பத்து வருட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

2. உங்கள் கைக்கு இன்னும் மிச்சம் இருப்பவை: ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், ஃப்யூஸ், டயர் காற்று, கூலன்ட் அளவு, பல பெட்ரோல் வண்டிகளில் பிளக், சில வண்டிகளில் ஹெட்லைட் பல்ப். 'சில' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பம்பரைக் கழற்றாமல் பல்புக்குக் கை போகாத வண்டிகள் இருக்கின்றன. எல்இடி என்றால் பெரும்பாலும் பல்பே கிடையாது, விளக்கை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். ஏசி ஃபில்டரில் ஆரம்பியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டாஷ்போர்டு பெட்டியின் பக்கங்களை அழுத்தி இறக்கினால் பின்னால் இருக்கும். காற்றுப் போகும் திசைக்கு ஃபில்டரில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைத் தலைகீழாகப் போடாதீர்கள். அப்படியே, வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தையும் கிளறிப் பாருங்கள். இலை அடைத்துத் தண்ணீர் வடியாமல், மழைக்காலத்தில் கால்மிதியடி நனைகிறது என்று வருகிற வண்டிகளில் பல இந்தக் கேஸ்தான்.

3. ஸ்கேனர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காசு அதிகம் வீணாவது இங்கேதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். புளூடூத் கருவி ஒன்றைச் செருகினால் செல்போனிலேயே கோளாறைச் சொல்லும் கோடு தெரியும். பி 0171 என்று வருகிறது, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே யாரோ சொன்னார்கள் என்று ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து உள்ளே போடுகிற வேலை இது. கலவை சரியில்லை என்று அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். கோடு ஒன்று, காரணம் மூன்று.

மூன்றில் எது என்று பிரிக்க அதே கருவியில் வழி இருக்கிறது. கோடு மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதுதான் அது. வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது கூட்டல் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் அது இறங்கிவிட்டால், எங்கோ காற்றுக் கசிகிறது. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் கசிவு பெரிதாகத் தெரியும். வேகம் கூடும்போது எண் நிறையக் குறைந்துபோகும். மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறினால், பெட்ரோல் போதவில்லை என்று பம்ப் பக்கமோ காற்றை அளக்கும் சென்சார் பக்கமோ போக வேண்டும். இது புரிந்த நாளில்தான் நீங்கள் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறீர்கள். நட்டுக் கழற்றுவதை ஒரு வாரத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, கோடு எண்ணை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். கோளாறு வந்த நொடியில் என்ஜின் சூடு என்ன, வேகம் என்ன என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். டாஷ்போர்டில் விளக்கு அணைந்ததால் கோளாறு தீர்ந்ததாக நினைத்து, பழைய வண்டியை விற்கிறவர்கள் வேண்டுமானால் சந்தோஷப்படட்டும். விலை குறைந்த கருவிகளில் பல என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் எட்டிப் பார்க்காது.

4. டாஷ்போர்டில் ஐந்தாறு விளக்கு ஒன்றாக எரிந்தால் ஐந்தாறு கோளாறு என்று பயப்படாதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு பொய் சொல்லும். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் போதாது. என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் கம்ப்யூட்டர் ஆள்வதால் இந்த எண் ஏறி இறங்கும், ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி மாற்றுவதும் முன்போல் இல்லை. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிகளுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும், சாதா பேட்டரி தாங்காது. மைனஸ் முனையில் சென்சார் இருந்தால் அதை இழுத்து உடைக்காதீர்கள். சில கார்களில் புதுப் பேட்டரி போட்ட விவரத்தை ஸ்கேனரால் பதிய வேண்டும். மைனஸைக் கழற்றும்போது சாவியை வண்டிக்குள் வைக்காதீர்கள். கதவு பூட்டிக்கொண்டால் வெளியே நின்று சிரிக்க வேண்டியதுதான்.

5. எலி. கம்ப்யூட்டர் வந்த பிறகு நம் ஊரில் மெக்கானிக்குக்குக் கிடைத்த புதுக் கூட்டாளி. கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை ஹாரன் ஒயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சென்சார் ஒயரில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். டேப்புக்குள் ஈரம் புகுந்தால் ஆறு மாதம் கழித்து வேறொரு கோளாறாக வந்து நிற்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தோ கிரிம்ப் செய்தோ, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஒயர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கேன் லைன். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதை அது. அந்தப் பின்னலைப் பிரிக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் 6ஆம், 14ஆம் பின்களுக்கு நடுவே அளந்தால் பல வண்டிகளில் 60 ஓம் அளவில் காட்டும். இரண்டு கோடியிலும் 120 ஓம் வைத்திருப்பதால் அந்தக் கணக்கு. அங்கே 120 காட்டினால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

6. இனி வருவதில் பேரம் இல்லை.

மஞ்சள் உறை போட்ட கனெக்டர் ஏர்பேக்குடையது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே சில நிமிடம் மின்சாரம் தங்கும். மல்டிமீட்டரைக் கூட அதில் வைக்காதீர்கள்.

ஆரஞ்சு ஒயர் ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் உயர் மின்னழுத்தம். பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் 300 வோல்ட்டைத் தாண்டும். அதற்கென்று பயிற்சி எடுத்தவர், அதற்கான கையுறை போட்டுத் தொட வேண்டிய இடம்.

டீசல் பைப். இதைப் பழைய ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏர் லாக் ஆனால் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்துக் காற்றை வெளியே விடுவது நம் கையில் ஊறிய பழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே 1,600 பாருக்கு மேல், சிலவற்றில் 2,000 பார் வரை அழுத்தம். ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், விரலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது. அட்டைத்துண்டு போதும்.

சிஎன்ஜி சிலிண்டரும் இந்த வரிசையில்தான். 200 பார்.

7. பிரேக் பேட் மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை வேலை என்று சொல்லித் தந்தவன்தான் நான். இப்போதும் முன் சக்கரத்தில் அப்படித்தான். பின் சக்கரத்துக்குப் போகும் முன் உங்கள் வண்டியில் ஹேண்ட்பிரேக் லிவரா, பட்டனா என்று பாருங்கள். பட்டன் என்றால் பெரும்பாலும் கேலிப்பரிலேயே மோட்டார் இருக்கும். சர்வீஸ் மோடில் போட்டு அது பின்வாங்கிய பிறகே பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். ஜி கிளாம்ப் போட்டு அழுத்தினால் மோட்டாரோ திருகோ போய்விடும், பேட் விலைக்கும் கேலிப்பர் விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மூடியைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவனுக்கு நான் எதுவும் கற்றுத்தர மாட்டேன். ஸ்டாண்டு இரண்டு வாங்கிய பிறகு வரட்டும்.

8. அம்பாசடர் ஹெட் வார்ப்பிரும்பு. கைக்கு வந்த பலத்தில் இறுக்கினாலும் பொறுத்துக்கொண்டது. இன்றைய ஹெட் அலுமினியம், சில வண்டிகளில் ஆயில் சம்ப் பிளாஸ்டிக். பிளக்கை சூடான என்ஜினில் கழற்றினால் மறையும் கூடவே வந்துவிடும். ஆறிய பிறகு கழற்றி, முதல் சில சுற்றை விரலாலேயே போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகம் சொன்ன அளவுக்கு முடியுங்கள். ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாசர். விலை ஒன்றும் இல்லை, அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

9. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது" என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினுக்குள் ஆயில் போகும் வழிகள் அவ்வளவு நெருக்கம். வால்வு டைமிங்கை மாற்றும் பாகமே ஆயில் அழுத்தத்தில்தான் அசைகிறது. 20டபிள்யூ-40 ஊற்றினால் அது சோம்பும், கோடு வரும், நீங்கள் சென்சார் வாங்கப் போவீர்கள். பிஎஸ் 6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தனியாக உண்டு. மற்றதை ஊற்றினால் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி சீக்கிரம் அடைபடும்.

அந்த டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி அளவில் சூடு வேண்டும். தி. நகருக்கும் மாம்பலத்துக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை. எரியத் தொடங்கிப் பாதியில் அணைத்து அணைத்து வைத்தால், மிச்ச டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறைந்தால் பயப்படும் நாம், கூடினால் பயப்பட மறந்துவிடுகிறோம். அடைப்புக்கு வைத்தியம் பட்டறையில் இல்லை. டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரை சீரான வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர் டீசல் கார் வாங்கியிருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

10. ஸ்பேர் வாங்க ஜி.பி. ரோடு போகும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சென்சார் மாறுகிறது. சேசிஸ் எண்ணையும் பழைய பாகத்தின் மேல் இருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி, கதவு, டெயில் லைட், அலாய் வீல் தாராளமாக வாங்கலாம். ஈசிஎம் என்கிற என்ஜின் கம்ப்யூட்டரை வாங்காதீர்கள். அது அந்தப் பழைய வண்டியின் சாவியோடு இம்மொபிலைசரில் ஜோடி சேர்ந்தது. உங்கள் வண்டியில் மாட்டினால் செல்ஃப் சுற்றினாலும் என்ஜின் எடுக்காது. ஜோடியைப் பிரித்து எழுதத் தெரிந்த ஆள் கைவசம் இருந்தால் அது வேறு கதை.

11. இப்போது கம்பெனிகளின் கைங்கரியம். பாகத்தை மாட்ட உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். புதுப் பாகத்தை வண்டி ஏற்றுக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் அனுமதி வேண்டும், அது ஷோரூம் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். முன் கண்ணாடி மாற்றினால்கூட, கேமரா வைத்த வண்டிகளில் அதை மறுபடி அளந்து நிறுத்த வேண்டும். இதில் கொஞ்சம் பாதுகாப்புக்கு, கொஞ்சம் திருட்டைத் தடுக்க, மிச்சம் வியாபாரம். ஸ்பேரையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. பிறகு அது மேல்முறையீடுகளில் இழுத்துக்கொண்டு போனது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்தபோது கார்களையும் அதில் சேர்த்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலேயே மக்கள் வாக்களித்து இந்த உரிமையை வாங்கினார்கள். 2020இல் வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலுக்கும் சேர்த்து மறுபடி வாக்களித்தார்கள். நம் ஊரில் இப்படிக் கேட்பவர்கள் குறைவு. வெளியே வேலை பார்த்ததால் வாரண்டி இல்லை என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி, எந்தப் பாகத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள். நீங்களே மாற்றியதற்கும் பில், தேதி, கிலோமீட்டர் வைத்திருங்கள்.

12. கடைசியாக என் தொழில்காரர்களுக்காகப் பேசுகிறேன். ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் ஸ்கேனரும் மீட்டருமாகத் தேடி, ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது என்று கண்டுபிடித்து இறுக்கிக் கொடுத்தால், "கிளிப்பை இறுக்கினதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். அதே ஆள் தேடாமல் மூவாயிரத்துக்கு ஒரு சென்சாரை மாற்றிவிட்டால் பேசாமல் கொடுக்கிறீர்கள். பழுதைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி தராத வாடிக்கையாளர்கள்தான் பாகம் மாற்றும் மெக்கானிக்குகளை உண்டாக்கினார்கள். சொந்தமாக வேலை பார்க்க விரும்பும் உங்களுக்காவது இது புரிய வேண்டும். உங்கள் எல்லை முடியும் இடத்தில் நல்ல ஆள் ஒருவரிடம் போங்கள். போகும்போது, கோளாறு வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபோதா, ஏசி போட்டாலா, எந்த கியரில், என்ன கோடு, எண்கள் என்ன, எதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றியதை மறைக்க வேண்டாம், பானட்டைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும். பார்ப்பதற்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள். முடியாது என்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.